கையெழுத்தா, கல்லூரியா? பதினெட்டு வயதுப் பிட்சருக்கு முன்னால் மூன்று வழிகள்

டெக்ஸாஸில் இருந்து ஒரு தகப்பனார் எழுதியிருந்தார். மகன் பேஸ்பாலில் வலக்கைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவன், பள்ளியில் கடைசி வருடம். பந்து மணிக்கு 150 கிலோமீட்டரைத் தொடத் தொடங்கியிருக்கிறது. போன வருடம் வரை வீட்டில் எந்தக் கல்லூரி என்ற பேச்சு மட்டும்தான். இப்போது அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் அணி ஒன்றின் தேர்வாளர் வீட்டுக்கே வந்து, சோபாவில் உட்கார்ந்து, எவ்வளவு கொடுத்தால் பையன் கையெழுத்துப் போடுவான் என்று நேராகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் வீடு இரண்டு கட்சியாகிவிட்டதாம். அம்மா கல்லூரிக் கட்சி, பையன் கையெழுத்துக் கட்சி. அப்பா இன்னும் கட்சி சேரவில்லை, எனக்கு எழுதியிருக்கிறார்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சிக்கல் முதலில் புரியாது. ரஞ்சி ஆடிக்கொண்டே பட்டம் வாங்கியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்க பேஸ்பாலில் அணியிடம் ஒப்பந்தப் பணம் வாங்கிய கணமே கல்லூரி பேஸ்பாலின் கதவு அடைபட்டுவிடும். திரும்பிப் போக முடியாது. ஆகவே ஒரே ஒரு ஜூலை மாதத்தில், பதினெட்டு வயதில் எடுத்தாக வேண்டிய முடிவு இது.

## விதிகள், சுருக்கமாக

ஒவ்வொரு ஜூலையிலும் நடக்கும் டிராஃப்டில் மேஜர் லீக்கின் 30 அணிகளும் வரிசைப்படி ஆட்களை எடுக்கின்றன. 2019 வரை 40 சுற்றுகள் இருந்தன. இப்போது 20 சுற்றுகள், ஏறத்தாழ 615 பேர். நாடு முழுவதும் பள்ளி அணிகளில் ஆடும் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்ட பையன்களோடு, கல்லூரி ஆட்டக்காரர்களும் அந்த 615 இடங்களுக்குத்தான் போட்டி.

பள்ளி முடித்தவுடன் எடுக்கப்பட்டால் கையெழுத்துப் போடலாம். மறுத்துவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்குப் போனால், மூன்றாம் வருடம் முடியும்வரை அல்லது 21 வயது வரை டிராஃப்டில் மீண்டும் இடமில்லை. இரண்டு வருடக் கல்லூரி என்ற மூன்றாவது வழியும் உண்டு. அங்கே சேர்ந்தவனை ஒவ்வொரு வருடமும் எடுக்கலாம். இந்த மூன்றாவது வழியைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் கை. பேட்ஸ்மேனாக இருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். பிட்சருடைய முதலீடு முழுவதும் முழங்கையின் உள்பக்கம் உள்ள ஒரு சிறு தசைநாரில் தொங்குகிறது. 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானின் அறுந்த தசைநாருக்குப் பதிலாக வேறோர் இடத்துத் தசைநாணை எடுத்து வைத்துத் தைத்தார். அதற்குப் பிறகும் டாமி ஜான் 164 ஆட்டங்களை வென்றார். அறுவைச் சிகிச்சைக்கே அவர் பெயர் வந்துவிட்டது. இன்று அது அன்றாட விஷயம். மேஜர் லீக்கிலும், அதற்குக் கீழே வீரர்களைப் பழக்கும் மைனர் லீக்குகளிலும் 2010ல் 104 முழங்கைத் தசைநார் அறுவைகள் நடந்தன. 2024ல் அது 281. இதே காலத்தில் வேகமும் ஏறியிருக்கிறது. மேஜர் லீக் ஃபாஸ்ட்பாலின் சராசரி 2008ல் மணிக்கு 147 கிலோமீட்டர், இப்போது 151ஐத் தாண்டிவிட்டது. இரண்டு கோடுகளும் சேர்ந்து ஏறுவது தற்செயல் அல்ல என்றுதான் லீக் தானே செய்த ஆய்வும் சொல்கிறது.

இரண்டாவது, பணம். அதாவது இன்றைக்குக் கைக்கு வந்து நிற்கும் பணம். மூன்றாவது, காலம்: சம்பளத்தை வீரனே பேசி வாங்கும் நிலை எந்த வயதில் வருகிறது என்பது. நான்காவது, பேரம். அடுத்த முறை மேஜையில் உட்காரும்போது 'வேண்டாம்' என்று எழுந்து போகும் வசதி யாரிடம் இருக்கிறது? ஐந்தாவது, படிப்பு. பயிற்சியின் தரத்தைத் தனி அளவுகோலாக வைக்கலாமா என்று யோசித்தேன். வேக் ஃபாரஸ்ட் போன்ற பல்கலைக்கழகங்களே பிட்சர்களுக்கென்று ஆய்வகம் வைத்திருக்கும் காலத்தில், நல்ல கல்லூரிக்கும் நல்ல அணிக்கும் அதில் பெரிய இடைவெளி இல்லை. மோசமான கல்லூரிக்கும் மோசமான அணிக்கும் இடையிலும் இல்லை.

## வழி ஒன்று: பள்ளி முடிந்ததும் கையெழுத்து

இந்த வழிக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் கிளேட்டன் கெர்ஷா. டாலஸ் பக்கம் ஹைலண்ட் பார்க் பள்ளி. கடைசி வருடத்தில் ஓர் ஆட்டத்தில் எதிரணி மட்டை பிடிக்க வந்த 15 தடவையும் ஸ்டிரைக் அவுட் செய்தான், அதாவது பந்தை அடிக்க முடியாமலே வெளியேற்றினான். ஐந்து இன்னிங்ஸோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தவனை 2006ல் டாட்ஜர்ஸ் ஏழாவது ஆளாக எடுத்து 23 லட்சம் டாலர் கொடுத்தது. இருபது வயதில் மேஜர் லீக்கில் பந்து வீசும் மேடு ஏறினார்.

அவருக்குப் பக்கத்தில் ஜேக்கப் டிகிராமை நிறுத்திப் பார்க்க வேண்டும். இருவரும் 1988ல் பிறந்தவர்கள், மூன்றே மாத வித்தியாசம். டிகிராம் ஸ்டெட்சன் பல்கலைக்கழகத்தில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டராக ஆடிக்கொண்டிருந்து, கல்லூரியின் கடைசிக் கட்டத்தில் பிட்சரானவர். 2010ல் மெட்ஸ் அவரை ஒன்பதாம் சுற்றில் 95,000 டாலருக்கு எடுத்தது. அதே வருடம் முழங்கை அறுவை. 2014 மே மாதம் அவர் முதல் மேஜர் லீக் ஆட்டம் ஆடியபோது, கெர்ஷாவின் அலமாரியில், வருடத்தின் சிறந்த பிட்சருக்குத் தரும் சை யங் விருதுகள் இரண்டு இருந்தன. அந்த ஜனவரியில்தான் ஏழு வருடத்துக்கு 21.5 கோடி டாலர் ஒப்பந்தமும் போட்டிருந்தார். திறமையில் டிகிராம் குறைந்தவர் அல்ல, 2018, 2019 இரண்டு வருடமும் சை யங் அவருக்குத்தான். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. மேஜர் லீக்கில் ஆறு வருடச் சேவை முடித்தால்தான் வீரன் சந்தையில் தன்னைத் தானே விற்க முடியும். அந்தக் கடிகாரம் இருபதில் ஓடத் தொடங்குவதும் இருபத்தைந்தில் தொடங்குவதும் ஒன்றல்ல. 'சீக்கிரம் போ' என்பவர்களின் வாதம் இதுதான். வாதத்தில் பிழையில்லை.

ஆனால் அது வந்து சேர்ந்தவர்களை மட்டும் கணக்கில் எடுக்கும் வாதம். 1965ல் டிராஃப்ட் தொடங்கியதில் இருந்து 2025 வரை, பள்ளிக்கூட வலக்கைப் பிட்சர் ஒருவனைக்கூட எந்த அணியும் முதல் ஆளாக எடுத்ததில்லை. அறுபது வருடத்தில் ஒருவர்கூட இல்லை. பள்ளிக்கூட இடக்கைப் பிட்சர்களில் மூன்று பேரை எடுத்தார்கள். அந்த மூவரின் கதையையும் தேர்வாளர் சோபாவில் உட்காரும் முன் பெற்றோர் படித்துவிட வேண்டும்.

முதலாமவர் டேவிட் கிளைட், 1973. பள்ளி முடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, கூட்டம் சேராமல் தவித்த டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அவரை நேராக மேஜர் லீக்கிலேயே இறக்கியது. ஆர்லிங்டன் மைதானம் நிரம்பி வழிந்தது. பதினெட்டு வயதுப் பையன் முதல் இரண்டு பேருக்கும் பந்தைக் குறிக்கு வெளியே வீசி, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டான். அடுத்த மூன்று பேரையும் ஸ்டிரைக் அவுட் செய்தான். ஆட்டத்தையும் வென்றான். டிக்கெட் விற்றது. பையனை மைனர் லீக்குக்கு அனுப்பிப் பழக்க வேண்டும் என்ற திட்டம் அதோடு கைவிடப்பட்டது. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. கடைசியில் மேஜர் லீக் ஓய்வூதியத் தகுதிக்கு 37 நாள் போதாமல் வெளியேறினார். இந்த முப்பத்தேழு நாள் கணக்கைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை.

இரண்டாமவர் பிரையன் டெய்லர், 1991. யாங்கீஸ் கொடுத்தது 15.5 லட்சம் டாலர், அந்தக் காலத்துச் சாதனை. 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் போயிற்று. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. மூன்றாமவர் பிராடி ஏக்கன், 2014. அவரும் மேஜர் லீக் பார்க்கவில்லை. அவருடைய கதை வேறு காரணத்துக்காகக் கீழே வருகிறது.

இனி மறைந்திருக்கும் செலவுகள். 5 லட்சம் டாலர் போனஸ் என்றால் ஏஜென்டுக்கு ஒரு பங்கு, மத்திய அரசு வரி, பல மாநிலங்களில் மாநில வரி எல்லாம் போய்க் கையில் நிற்பது மூன்று லட்சத்தை ஒட்டிய தொகை. வருடச் செலவு 80,000 டாலரைத் தாண்டும் தனியார் பல்கலைக்கழகங்கள் இன்று உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் முழு உதவித்தொகை கிடைத்திருந்தால், நான்கு வருடத்தின் மதிப்பும் அந்த மூன்று லட்சமும் ஏறக்குறைய ஒன்றுதான். அரை மில்லியன் என்று காதில் விழும்போது வரும் மயக்கம் இந்தக் கணக்கில் தெளிந்துவிடும்.

பிறகு மாதச் சம்பளம். 2023ல் மைனர் லீக் வீரர்கள் முதல்முறையாகச் சங்கமாகப் பேசி வாங்கிய ஒப்பந்தப்படி, அடிமட்டத்தில் உள்ள பயிற்சி வளாக லீக்கில் வருடத்துக்கு 19,800 டாலர், மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள் ஏ மட்டத்தில் 30,250, ஒரு படி கீழே உள்ள டிரிபிள் ஏ மட்டத்தில் 35,800. முன்பு இருந்ததைவிட எவ்வளவோ மேல். தங்குமிடமும் அணியே தருகிறது. ஆனாலும் மேஜர் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளம் 2025ல் 7,60,000 டாலர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் பெரும்பாலான பிட்சர்களின் வாழ்க்கை கழிகிறது. பதினெட்டு வயதுப் பையன் முதலில் போய் நிற்பது அரிசோனாவிலோ ஃபுளோரிடாவிலோ உள்ள பயிற்சி வளாகத்துப் பின்புற மைதானத்தில். மே மாத வெயிலில், பார்வையாளர் வரிசையே இல்லாத இடத்தில், பதினேழு வயதிலேயே வீட்டை விட்டு வந்த டொமினிக்கன் பையன்களோடு போட்டி போட வேண்டும். பள்ளியில் ஊரே பார்த்த பையனுக்கு அங்கே கைதட்ட ஆள் இருக்காது.

ஒப்பந்தத்தில் படிப்புச் செலவையும் கேட்டு வாங்கலாம். அணிகள் சேர்த்துத் தரவும் செய்கின்றன. ஆனால் ஆட்டத்தை விட்ட இரண்டு வருடத்துக்குள் கல்லூரியில் சேர்ந்தாக வேண்டும், வரும் பணத்துக்கு வரியும் உண்டு. இருபத்தாறு வயதில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காரும் மனம் எத்தனை பேருக்கு இருக்கும் என்பது வேறு விஷயம்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழிதான் சரி என்று சொல்லும் இடம் உண்டு. ஹன்டர் கிரீனைப் பாருங்கள். 2017ல் சின்சினாட்டி ரெட்ஸ் இரண்டாவது ஆளாக எடுத்து 72.3 லட்சம் டாலர் கொடுத்தது. 2019ல் முழங்கை அறுவை, அந்த வருடம் முழுக்கப் போனது. மறு வருடம் கொரோனாவால் மைனர் லீக்கே நடக்கவில்லை. 2022ல்தான் மேஜர் லீக்குக்கு வந்தார். கல்லூரியில் இருந்தபோது அதே முழங்கை அறுந்திருந்தால் அந்த எழுபது லட்சம் காற்றில் போயிருக்கலாம். இங்கே பணம் முன்பே வங்கியில் இருந்தது, சிகிச்சையும் அணியின் செலவு. தொகை போதுமான அளவு பெரிதானால் கையெழுத்துதான் கைக்குக் காப்பீடு.

## வழி இரண்டு: நான்கு வருடக் கல்லூரி

கெரிட் கோலை 2008ல் யாங்கீஸ் முதல் சுற்றில் 28வது ஆளாக எடுத்தது. அவர் கையெழுத்துப் போடாமல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் போனார். மூன்று வருடம் கழித்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் ஆளாக எடுத்து 80 லட்சம் டாலர் கொடுத்தது. 2019 டிசம்பரில் அதே யாங்கீஸ் ஒன்பது வருடத்துக்கு 32.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது. 'பொறு' என்பவர்களுக்கு இதைவிட அழகான கதை கிடைக்காது.

பால் ஸ்கீன்ஸ் கதை இன்னும் பயன்படும். பள்ளி முடித்தபோது அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. விமானப்படை அகாடமியில் இரண்டு வருடம் கேட்சராகவும் பிட்சராகவும் இருந்தார். பிறகு லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மாறி, ஒரே பருவத்தில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். 2023ல் முதல் ஆள், 92 லட்சம் டாலர். பத்தே மாதத்தில் மேஜர் லீக், 2025ல் சை யங். ஸ்டீவன் ஸ்டிராஸ்பர்க்கும் பள்ளியில் எடுக்கப்படாதவர்தான், மூன்று வருடத்தில் நாட்டின் முதல் ஆளானார். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் ஒரு பையனின் உடம்பு என்ன ஆகும் என்பதை பந்தின் வேகத்தை அளக்கும் எந்த ரேடார் கன்னும் காட்டாது. உயரம் வந்தும் எடை வராத பையன்களுக்குக் கல்லூரி தரும் பெரிய லாபம் இந்த மூன்று வருடம்தான்.

இன்றைய விதிகளும் கல்லூரிக்குச் சாதகமாகத் திரும்பியிருக்கின்றன. முன்பு ஒரு பெரிய கல்லூரியின் பேஸ்பால் அணி முழுமைக்கும் 11.7 உதவித்தொகைகள்தான். அதைப் பங்குபோட்டு ஆளுக்குக் கால், அரை என்று கொடுப்பார்கள். 2025ல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகள் அணியில் 34 பேருக்கு மேல் வைக்க முடியாது, ஆனால் அந்த 34 பேருக்கும் முழு உதவித்தொகை தரலாம். 2021 முதல் வீரன் தன் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். ஏழைப் பையன் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிலை இப்போது அவ்வளவு இறுக்கமாக இல்லை.

அதே 34 தான் மறைந்திருக்கும் செலவும். முன்பு அணியில் 40 பேர்வரைகூட இருப்பார்கள். இப்போது இடம் குறைவு. பயிற்சியாளர் வேறு கல்லூரியில் இருந்து இருபத்திரண்டு வயது ஆளைத் தாராளமாக மாற்றிக் கொண்டுவரலாம். பதினெட்டு வயதுப் பையனுக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், ஆகஸ்டில் வந்திறங்கும்போது அவன் இடத்தில் வேறொருவன் நிற்கலாம். சேருமுன் அந்த அணியில் போன வருடம் முதல் வருட மாணவர்கள் எத்தனை இன்னிங்ஸ் வீசினார்கள் என்று பாருங்கள். புகழ்பெற்ற கல்லூரி என்பதற்காகப் போய்ப் பெஞ்சில் உட்காருவதைவிட, பெயர் தெரியாத கல்லூரியில் வெள்ளிக்கிழமை தோறும் பந்து வீசுவது மேல்.

இரண்டாவது செலவு கைக்கு. மேஜர் லீக்கும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து வகுத்த வழிகாட்டி, 17, 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 105 பந்து, 80க்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு என்கிறது. பெரிய கல்லூரிகளின் மட்டத்தில் அப்படி எண்ணிக்கை வரம்பே கிடையாது. சாதாரண வாரங்களில் முதன்மைப் பிட்சர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீசுவான், அது கைக்கு நல்லது. பிரச்சினை மே கடைசியில், தோற்றால் வெளியே என்ற போட்டிகளில் வருகிறது. 2009 மே 30 அன்று டெக்ஸாஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல், 25 இன்னிங்ஸ் ஆடின. அதில் டெக்ஸாஸின் ஆஸ்டின் வுட் மாற்றுப் பிட்சராக வந்து 13 இன்னிங்ஸ், 169 பந்து வீசினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எந்த மேஜர் லீக் அணியும் தான் பணம் போட்ட கையை அப்படி ஓட்டாது. பயிற்சியாளருக்கு இந்த வருடத்து வெற்றிதான் வேலை, பையனுடைய இருபத்தெட்டு வயது அல்ல. தீயவர் என்று சொல்லவில்லை, அவருடைய ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, பேரம். மூன்றாம் வருடம் முடிவில் 'போதாது, இன்னொரு வருடம் படிக்கிறேன்' என்று சொல்லலாம். நான்காம் வருடம் முடிந்தபின் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அணிகளுக்கு அது தெரியும். முதல் பத்துச் சுற்றுக்குள்ளேயே கடைசி வருட மாணவனுக்குச் சில ஆயிரம் டாலர் கொடுத்து, டிராஃப்டுக்கென லீக் வகுத்த மொத்த ஒதுக்கீட்டில் மிச்சமாவதை வேறு யாருக்காவது திருப்பிவிடுவார்கள். மார்க் ஏப்பல் விதிவிலக்கு. 2012ல் பைரேட்ஸ் கொடுத்த 38 லட்சத்தை மறுத்து ஸ்டான்ஃபோர்டில் கடைசி வருடம் படித்தார், மறு வருடம் முதல் ஆளாக 63.5 லட்சம் வாங்கினார். ஆனால் காயமும் தடுமாற்றமுமாக 2018ல் ஆட்டத்தை விட்டார். பிறகு திரும்பி வந்து 2022ல், முப்பது வயதில் மேஜர் லீக் மேட்டில் நின்றார். கையில் ஸ்டான்ஃபோர்ட் பட்டம் இருந்தது என்பதைப் பெற்றோர் கவனிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

## வழி மூன்று: இரண்டு வருடக் கல்லூரி

இதில் கட்டணம் குறைவு, கூட்டம் குறைவு, பெயரும் குறைவு. பஸ்ஸில் தூங்கிக்கொண்டே பயணம். ஆனால் ஒவ்வொரு ஜூலையிலும் மறுபடி டிராஃப்டில் நிற்கலாம், பிடிக்கவில்லையென்றால் நான்கு வருடக் கல்லூரிக்கு மாறலாம். பிட்சர் ஆண்டி பெட்டிட்டை 1990ல் யாங்கீஸ் 22ஆம் சுற்றில் எடுத்தது. அவர் ஹூஸ்டன் அருகே சான் ஜசின்டோ கல்லூரியில் ஒரு வருடம் ஆடினார். அந்தக் கால விதி அணிக்கு அவர் மீது ஒரு வருட உரிமை கொடுத்திருந்தது, மறு வருடம் மே மாதம் கையெழுத்தானார். பிறகு, மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் ஐந்து பட்டங்கள். இடையில் ஒழிக்கப்பட்ட அந்த விதி 2022 முதல் புது உருவில் திரும்பியிருக்கிறது. பத்தாம் சுற்றுக்குப் பிறகு எடுக்கப்பட்டு இரண்டு வருடக் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு, மறு வருடம் 2,25,000 டாலர் வரை அணி தன் ஒதுக்கீட்டில் கைவைக்காமல் தரலாம்.

தாமதமாக வளர்ந்தவனுக்கும், பள்ளிக் கடைசி வருடத்தில் அடிபட்டு ஆடாமல் போனவனுக்கும், மதிப்பெண் இடிப்பவனுக்கும் இது நல்ல வழி. படிப்பே முதல் இலக்கு என்றால் வேண்டாம். இந்த வழியில் பட்டம் வரை போய்ச் சேரப் பையனுக்குத் தானாக ஒரு பிடிவாதம் வேண்டும்.

## ஸ்கேன் அறையில் நடப்பது

மூன்று வழிக்கும் பொதுவான ஒரு வாசல் இருக்கிறது. தொகை பேசி முடித்த பிறகு அணியின் மருத்துவர் கையை ஸ்கேன் எடுப்பார். பிராடி ஏக்கன் 65 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஸ்கேனில் முழங்கைத் தசைநார் வழக்கத்தைவிடச் சிறியதாகத் தெரிகிறது என்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் தொகையைக் குறைத்தது. பையனுக்கு வலி எதுவும் இல்லை. பேச்சு முறிந்தது. எட்டு மாதத்தில் அந்தத் தசைநாரே அறுந்து அறுவைக்குப் போனார். 2015ல் கிளீவ்லாந்து 25 லட்சத்துக்கு எடுத்தது. இதில் இன்னொரு வீடும் அடிபட்டது. முதல் ஆள் கையெழுத்துப் போடாவிட்டால் அவருக்கான தொகை அணியின் மொத்த ஒதுக்கீட்டில் இருந்தே கழிந்துவிடும். அதனால் ஐந்தாம் சுற்றில் 15 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்த வேறொரு பள்ளிப் பிட்சரின் ஒப்பந்தத்தையும் அணி கைவிட்டது. ஒருவன் முழங்கையால் மற்றொருவன் பணம் போன கதை.

குமார் ராக்கரின் தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவில் இருந்து போனவர்கள். 2018ல் பள்ளி முடித்தபோது கொலராடோ 38ஆம் சுற்றில் எடுத்தது, அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் போனார். முதல் வருடத்திலேயே டியூக் அணிக்கு எதிராக ஒருவரையும் அடித்து பேஸ் ஏறவிடாமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். 2021ல் மெட்ஸ் பத்தாவது ஆளாக எடுத்து 60 லட்சம் டாலர் பேசியது. ஸ்கேன் பார்த்துவிட்டு விலகிக்கொண்டது. ராக்கர் தோளில் அறுவை செய்துகொண்டு, எந்த மேஜர் லீக் அணியோடும் சேராத ஃபிரான்டியர் லீக்கில் வீசி, கை இருக்கிறது என்று காட்டினார். 2022ல் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. மறு வருடம் முழங்கை அறுவை, 2024 செப்டம்பரில் மேஜர் லீக்.

இப்போதைய விதிப்படி டிராஃப்டுக்கு முன்பே மருத்துவப் பரிசோதனைக்கு உட்படும் முன்னணி வீரனுக்கு, எடுக்கப்படும் இடத்துக்கு உரிய தொகையில் குறைந்தது 75 சதவீதம் தருவதாக அணி சொல்லியாக வேண்டும். கையில் குறை இருந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று சிலர் தயங்குவார்கள். எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது, ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்பேன். குறை இருந்தால் அது முதலில் பையனுக்குத் தெரிய வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பள்ளி முடிந்ததும் கையெழுத்து | நான்கு வருடக் கல்லூரி | இரண்டு வருடக் கல்லூரி |
|---|---|---|---|
| கை | பந்துக் கணக்குக் கட்டுப்பாடு உண்டு. அடிபட்டால் அணி செலவு | வரம்பு இல்லை. பயிற்சியாளரைப் பொறுத்தது | பயிற்சியாளரைப் பொறுத்தது |
| இன்றைய பணம் | தொகை பெரிதானால் மிகப் பெரிய லாபம் | உதவித்தொகை, பெயர் உரிமை வருமானம் | செலவு குறைவு, வரவும் குறைவு |
| சந்தைக்கு வரும் வயது | எல்லாம் சரியாக நடந்தால் 26, 27 | பெரும்பாலும் 28, 30 | இடைப்பட்டது |
| பேரம் | இந்த ஜூலையில் மட்டும் | மூன்றாம் வருடம் வலுவானது, நான்காம் வருடம் பூஜ்ஜியம் | ஒவ்வொரு வருடமும் |
| படிப்பு | ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால் மட்டும் | உறுதி | பாதி வழி |

## எந்த வீட்டுக்கு எது

வரிக்கும் ஏஜென்டுக்கும் போக வீட்டின் நிலையையே மாற்றும் தொகை கிடைத்தால் கையெழுத்து. என் கணக்கில் அது 20 லட்சம் டாலருக்கு மேல். 10 லட்சத்துக்குக் கீழ் என்றால், வலக்கைப் பள்ளிப் பிட்சருக்கு, நல்ல உதவித்தொகை கையில் இருக்கும்போது, கல்லூரி. நடுவில் உள்ள தொகைக்கு வீட்டுக்கு வீடு விடை மாறும். கடனில் இருக்கும் குடும்பத்துக்கு 12 லட்சம் என்பதும், இரண்டு பேர் மென்பொருள் வேலையில் இருக்கும் வீட்டுக்கு 12 லட்சம் என்பதும் ஒரே எண் அல்ல. பையன் படிப்பை உண்மையாகவே வெறுக்கிறான் என்றால் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கலாம். இதில் பெற்றோரின் கனவுக்கு மதிப்பெண் கிடையாது.

டெக்ஸாஸ் தகப்பனாருக்கு எழுதிய பதிலில் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன். தேர்வாளர் கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் சொல்லும் முன், மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு தொகையைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். டிராஃப்ட் நடக்கும்போது, அணி தன் முறை வருவதற்குச் சில நிமிடத்துக்கு முன்னால் ஏஜென்டை அழைத்து ஓர் எண்ணைச் சொல்லும். ஆமா, இல்லையா? யோசிக்க நேரம் இருக்காது. அணிகளும் தங்கள் மொத்த ஒதுக்கீட்டை ஐந்து சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த முதல் சுற்று இடத்தை இழக்கும், அதனால் கடைசி நிமிடத்தில் கெஞ்சிக் கூட்டி வாங்கலாம் என்பதும் நடக்காது. அப்போது அந்தக் காகிதம் மேஜையில் இருக்க வேண்டும்.

அவர் நேற்று மறுபடி எழுதினார். மூன்று பேரும் தனித்தனியாக எழுதினார்களாம். அம்மா எழுதிய எண்தான் மூன்றிலும் குறைவாம்.